காரணம் சொல்லாமல் ஒரு கதையும் மறையக் கூடாது

இணையத்தில் தமிழ்க் கதைகளை எழுதுவோர், படிப்போர், அவற்றுக்கான குழுக்களை நடத்துவோர் கூடி வெளியிடும் கொள்கைப் பிரகடனம்

இணையத்தில் தமிழில் கதை எழுதுகிறவர்களும், அவற்றை அத்தியாயம் அத்தியாயமாகக் காத்திருந்து படிக்கிறவர்களும், அந்தக் கதைகள் வெளியாகும் தளங்களையும் குழுக்களையும் சம்பளமில்லாமல் நடத்தும் அட்மின்களுமாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். எங்களைச் சேர்த்தது ஒரே கோரிக்கைதான். கற்பனையில் எழுதப்பட்டதை ஒரு விதமாகவும், உயிருள்ள மனிதருக்குச் செய்யப்பட்டதை வேறு விதமாகவும் நடத்த வேண்டும். முதலாவதற்கு எச்சரிக்கைக் குறிப்பு போதும். இரண்டாவதற்கு உடனடி நடவடிக்கை வேண்டும். இன்று பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் கதை ஒரே இரவில் காணாமல் போகிறது. அதை எழுதியவரின் இன்பாக்ஸில் வந்து மிரட்டியவரின் கணக்கோ மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது.

எங்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வார இதழ்களில் தொடர்கதைக்கான பக்கங்கள் சுருங்கிய காலத்தில், நாவலாசிரியர் ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை கைபேசியில் எழுத வந்தது. பிரதிலிபி, வாட்பேட், கிண்டில், தனியார் நாவல் தளங்கள், முகநூல் குழுக்கள் என்று எங்கள் எழுத்து பரவிக் கிடக்கிறது. எங்களில் பெண்கள் மிகுதி. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு. வேலைக்குப் போகும் பேருந்தில் எழுதுகிறவர்கள் உண்டு. புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் புனைபெயரில் எழுதுகிறவர்களும் உண்டு. "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுக் காத்திருக்கும் வாசகியர் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள், மட்டக்களப்பிலும் கோலாலம்பூரிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். இலக்கியப் பத்திரிகைகள் எங்களைப் பொருட்படுத்துவதில்லை என்ற வருத்தம் எங்களுக்குண்டு. ஆனால் அந்த வழக்கை இங்கே நாங்கள் பேச வரவில்லை. எங்களுக்குள்ளேயே நடக்கும் அநீதியைப் பேச வந்திருக்கிறோம்.

அந்த அநீதி அதிகம் தலைகாட்டுவது ஆன்டி ஹீரோ கதைகளைச் சுற்றித்தான். கட்டாயத் தாலி, அடிக்கிற கணவன், கடத்திக்கொண்டு போய்க் காதலைச் சொல்கிறவன், கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் மன்னிக்கிற நாயகி. இப்படிப்பட்ட கதைகள் வன்முறையை அழகாக்குகின்றன, இளம்பெண்கள் படித்துக் கெடுகிறார்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இது கற்பனை, நிஜத்தில் எதை ஏற்பது என்று எங்களுக்குத் தெரியும் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இந்த இரண்டு சாராரும் இந்த இயக்கத்தில் இருக்கிறோம். அந்தச் சண்டை எங்களுக்குள் தொடரும், தொடரவும் வேண்டும். கதையைப் பற்றிக் கடுமையாக விமர்சனம் எழுதுவது வாசகரின் உரிமை. ஆனால் விமர்சனம் எழுத வேண்டிய இடத்தில் கூட்டமாக ரிப்போர்ட் அடிப்பதையும், அதைக் கண்டு பயந்துபோய் அட்மின் கதையைத் தூக்குவதையும் நாங்கள் இரு சாராரும் சேர்ந்தே எதிர்க்கிறோம்.

நீக்கம் என்பது எங்கள் உலகில் என்ன என்பதைத் தளங்களையும் குழுக்களையும் நடத்துகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்களில் பலர் செயலியிலேயே நேரடியாகத் தட்டச்சு செய்கிறோம். வேறெங்கும் பிரதி இருப்பதில்லை. கதை போனால் வாசகர் கண்ணிலிருந்து மட்டும் போவதில்லை, எழுதியவரின் கையிலிருந்தும் போய்விடுகிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் அடியிலும் வாசகியர் எழுதிய கருத்துகளும் அதோடு போகின்றன. அந்தக் கருத்துகளில், கதையைச் சாக்காக வைத்துத் தன் கல்யாண வாழ்க்கையை முதன்முறையாக வெளியே சொன்ன பெண்கள் இருப்பார்கள். அவர்கள் பேசிய இடமும் அழிகிறது. இவ்வளவுக்கும் பதிலாக வருவது "விதிமீறல்" என்ற ஒற்றைச் சொல். எந்த விதி, எந்த அத்தியாயம், எந்த வரி, யார் முடிவெடுத்தார்? எதுவும் இல்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2007 மே மாத இறுதியில், லைவ்ஜர்னல் என்ற அமெரிக்கத் தளம் ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. குழந்தைகளைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்ட ஒரு குழு கொடுத்த நெருக்கடிதான் காரணம். பயனர்கள் தங்கள் ஆர்வங்கள் என்று பட்டியலிட்டிருந்த சொற்களைப் பார்த்தே முடிவு எடுக்கப்பட்டது. விளைவாக, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகித் தப்பியவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த குழுக்களும், நபகோவின் லொலிதா நாவலை விவாதித்த ஸ்பானிய வாசகர் குழுவும், ரசிகர்கள் கதை எழுதிய குழுக்களும் குற்றவாளிகளோடு சேர்த்து வெட்டப்பட்டன. முடக்கப்பட்ட கணக்குகளின் பெயர்மேல் கோடு போட்டுக் காட்டுவது அத்தளத்தின் வழக்கம். அந்தக் கோடுகளை வைத்தே அந்த நிகழ்வுக்குப் பெயர் வந்தது. சில நாட்களில் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார், பெரும்பாலான கணக்குகள் திரும்பின. நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை.

2018 இறுதியில் டம்ப்ளர் தளத்தில் இன்னும் பெரிதாக நடந்தது. குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்கள் அங்கே கண்டுபிடிக்கப்பட்டதால் ஆப்பிள் தன் கடையிலிருந்து அந்தச் செயலியை எடுத்தது. அந்தக் குற்றத்தைத் தேடிப்பிடித்துக் களைவது தளத்தின் கடமை. டம்ப்ளரோ டிசம்பர் 3 அன்று வயதுவந்தோர்க்கான படங்கள் எல்லாவற்றுக்கும் தடையை அறிவித்து, டிசம்பர் 17 முதல் அமல்படுத்தியது. பல ஆண்டுகளாக அங்கே வரைந்துகொண்டிருந்த ஓவியர்களுக்கு இரண்டு வாரம் கெடு. தரம்பிரிக்கும் இயந்திரம், எந்தத் தவறும் இல்லாத ஓவியங்களையும் புகைப்படங்களையும் ஆபாசம் என்று முத்திரை குத்தியது. குற்றத்தையும் படைப்பையும் ஒரே தராசில் போட்டால் இதுதான் நடக்கும்.

தமிழ் எழுத்துக்கோ இப்படிப்பட்ட நெருக்கடி புதிதல்ல. நாடகப் பிரதியை முன்கூட்டியே அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்ற 1954 ஆம் ஆண்டுச் சட்டம் நாடக நடிகர் எம்.ஆர். ராதாவின் மேடையைக் குறிவைத்து வந்தது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில், 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் விஷயத்தில் நடந்தது எங்கள் அட்மின்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் அவரைச் சமாதானக் கூட்டம் என்று அழைத்தார்கள். ஊர் அமைதி என்ற பெயரில் எழுத்தாளரிடம் நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கப்பட்டது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடும் வழி வாசகருக்கு எப்போதும் உண்டு என்பதையும் சொன்னது. அந்தக் கூட்டத்தில் அதிகாரிகள் செய்ததற்கும், நூறு ரிப்போர்ட் வந்ததும் குழு அமைதிக்காகக் கதையை எடுத்துவிட்டு எழுத்தாளரை மன்னிப்புப் பதிவு போடச் சொல்லும் அட்மின் செய்வதற்கும் வேறுபாடு அளவில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்னதும், அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் போடலாமா, அட்மினே வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டோம். கட்டுப்பாடே இல்லாத இடத்தில் முதலில் வாய் மூடுவது யார் என்று எங்களுக்குத் தெரியும். கதையில் சாதி மறுப்புத் திருமணம் எழுதினால் எழுத்தாளரின் சாதியைத் தோண்டி எடுத்து ஏசுகிறவர்கள் வருகிறார்கள். முகப்புப் படத்தை எடுத்து ஆபாசப் படத்தில் ஒட்டுகிறவர்கள் வருகிறார்கள். ஃபேக் ஐடியில் வந்து, உன் கணவருக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறவர்கள் வருகிறார்கள். ஒரு பெண் எழுதுவதை நிறுத்திவிட்டால் அதுவும் ஒரு நீக்கம்தான். யாரும் பட்டனை அழுத்தவில்லை என்பதால் அது கணக்கில் வராமல் போகிறது. அந்த நீக்கத்தையும் நாங்கள் எண்ணுவோம்.

கண்காணிப்பு இல்லாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை மூண்டபோது, வெறுப்புப் பதிவுகள் முகநூலில் ஓடிக்கொண்டிருந்தன. சிங்களத்தில் எழுதப்பட்ட அந்தப் பதிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளப் போதிய ஆள் அந்த நிறுவனத்திடம் இல்லை. 2020 மே மாதம் முகநூல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட வடிகட்டியைப் பிற மொழிகள் மேல் போர்த்தினால் எப்போதும் இப்படித்தான் ஆகிறது. வேண்டாததைப் பிடிக்கும், வேண்டியதை விடும். முலை என்ற சொல்லைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால் கண்ணகி மதுரையை எரித்த கதையையும், சீர்காழியில் ஆண்டுதோறும் நடக்கும் திருமுலைப்பால் விழா அறிவிப்பையும் அது தூக்கும். சாதிப் பெயரை வசவாக்கி எழுதும் வரியோ, அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லாததால் நழுவிப் போகும். அதனால் தமிழ் படிக்கத் தெரிந்த மனிதர் ஒருவர் படிக்காமல் எந்தத் தமிழ்ப் படைப்பும் நிரந்தரமாக நீக்கப்படக் கூடாது என்கிறோம். இயந்திரம் சந்தேகத்தைச் சுட்டிக்காட்டட்டும், தீர்ப்பு எழுத வேண்டாம்.

வேறு வழி உண்டா என்றால் உண்டு. 2007-இல், தங்களுக்குப் பிடித்த படைப்புகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதை எழுதுவோர், பெரும்பாலும் பெண்கள், லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். தங்கள் எழுத்தை விற்க வந்த நிறுவனம் ஒன்றின் மீதான கோபமும், லைவ்ஜர்னல் அனுபவமும் அவர்களைத் தள்ளின. சர்வர் நம் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய முழக்கம். 2009-இல் திறந்த ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற அந்தக் களஞ்சியம் விளம்பரம் வாங்குவதில்லை, நன்கொடையில் ஓடுகிறது. 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது பெற்றபோது அங்கே ஏறத்தாழ 50 லட்சம் படைப்புகள் இருந்தன. அங்கே கடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், வல்லுறவு, வயது வராதோர் சம்பந்தப்பட்ட பாலுறவு ஆகிய நான்குக்கு எச்சரிக்கைக் குறிப்பு உண்டு. கதையின் திருப்பத்தை முன்கூட்டிச் சொல்ல விரும்பாத எழுத்தாளர், எச்சரிக்கை தர விரும்பவில்லை என்று குறிக்கலாம். அதுவே வாசகருக்கு ஓர் எச்சரிக்கை, உள்ளே என்ன இருந்தாலும் உன் பொறுப்பில் படி என்று. மற்ற விவரங்களை எழுத்தாளர் தம் சொற்களிலேயே குறிச்சொல்லாக இடலாம். ஒரே பொருளுள்ள குறிச்சொற்களைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று இணைக்கிறார்கள். வேண்டாத குறிச்சொல்லை வாசகர் விலக்கிவிட்டுத் தேடலாம். கதையை நீக்காமலேயே, அது வேண்டாதவரின் கண்ணில் படாமல் செய்யும் இந்த ஏற்பாடு எங்களுக்குப் பெரிய பாடம்.

அதன் குறையும் எங்களுக்குப் பாடம்தான். கற்பனைக்கு அவ்வளவு இடம் கொடுத்த அந்தக் களஞ்சியம், கறுப்பின வாசகரும் எழுத்தாளரும் தங்கள் மீதான இனவெறித் தொல்லையைப் பற்றிப் பல ஆண்டுகள் முறையிட்டும் மெதுவாகவே அசைந்தது. தொல்லை செய்பவரை பிளாக் செய்யும் எளிய வசதிகூடத் தளம் திறந்து பத்தாண்டு கடந்த பிறகே வந்தது. கதைக்கான சுதந்திரத்தில் காட்டிய அக்கறையை மனிதருக்கான பாதுகாப்பில் காட்டவில்லை. நாங்கள் தொடங்கும்போதே இரண்டையும் ஒன்றாகத் தொடங்குகிறோம்.

எனவே எங்கள் கொள்கை இது. கற்பனைப் படைப்பின் உள்ளடக்கம் எவ்வளவு கசப்பாக இருந்தாலும், பொதுவான எச்சரிக்கைக் குறிப்பை எழுத்தாளர் இட்டிருந்தால் அது நிற்கும். குறிப்பு இடாமல் விட்டால் முதல் நடவடிக்கை, இடச் சொல்லிக் கேட்பது. மறுத்தால் அட்மினே இடலாம். கதையின் ஒரு வரியையும் அட்மின் திருத்தக் கூடாது. நாயகனைத் திருந்தச் செய், முடிவை மாற்று என்று எழுத்தாளரை நிர்ப்பந்திக்கவும் கூடாது.

குழந்தைகளைப் பாலியல் இச்சைக்கான பொருளாக்கும் எழுத்துக்கு எங்களிடம் இடமில்லை. இந்தியச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு படத்தோடு எழுத்தையும் சேர்த்தே தண்டிக்கிறது, பொது நன்மைக்கான இலக்கியத்துக்கு விலக்கும் தருகிறது. அந்த விலக்கை நாங்கள் கண்ணும் கருத்துமாகக் காப்போம். சிறுவயதில் தனக்கு நடந்ததை ஒரு பெண் கதையாக எழுதும்போது, அது சங்கடமாக இருக்கிறது என்ற காரணத்தால் அவளை இரண்டாம் முறை மௌனமாக்குவதை எந்த விதியின் பெயராலும் ஏற்க மாட்டோம். இப்படிப்பட்ட கதை மீது புகார் வந்தால் ஒருவர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. குறைந்தது மூன்று பேர் முழுக் கதையையும் படித்திருக்க வேண்டும்.

ஆள்மீதான செயல்களில் பொறுமைக்கு இடமில்லை. மிரட்டல், சாதி மத வசவு, அந்தரங்கத் தகவலை வெளியிடுதல், ஒட்டுப் படம் ஆகியவற்றை உடனே மறைத்துவிட்டுத்தான் விசாரணை. அந்தரங்கப் படங்களை 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று 2021 ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வைத்தன. எங்கள் குழுக்களில் அவ்வளவு நேரமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் நாவலை பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விடுவதும், அனுமதியின்றி யூடியூபில் ஆடியோ நாவலாக வாசித்துப் போடுவதும் படைப்புச் சுதந்திரம் அல்ல. அவை திருட்டு. தெரிந்து செய்கிறவருக்கு எங்கள் குழுக்களில் இடமில்லை.

எந்த நீக்கமாக இருந்தாலும் காரணம் எழுத்தில் வர வேண்டும். எந்த விதி, எந்த இடம், முடிவெடுத்தது மனிதரா இயந்திரமா என்பது அதில் இருக்க வேண்டும். கற்பனைப் படைப்பானால் நீக்குவதற்கு முன்பே எழுத்தாளருக்கு அறிவித்து, பதில் சொல்ல ஒரு வாரம் தர வேண்டும். மேல்முறையீட்டை, முதலில் முடிவெடுத்தவர் கேட்கக் கூடாது. நீக்கம் உறுதியானாலும் எழுத்தாளர் தம் பிரதியையும் வாசகர் கருத்துகளையும் எடுத்துக்கொள்ளும்படி 60 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நீக்கியது தவறு என்று தெரிந்தால், நீக்கம் பேசப்பட்ட அதே இடத்தில் அட்மின் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நேற்று எழுதியதை இன்று போட்ட விதியால் தண்டிக்கக் கூடாது. ஒவ்வொரு காலாண்டிலும் வந்த புகார் எத்தனை, நீக்கியது எத்தனை, திரும்பக் கொடுத்தது எத்தனை என்று வெளியிட வேண்டும்.

இவை எங்கள் கனவில் உதித்தவை அல்ல. எண்ணிக்கை, அறிவிப்பு, மேல்முறையீடு என்ற மூன்றையும் 2018-இல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் கூடிய உரிமை ஆர்வலர்கள் வகுத்துக் கொடுத்தார்கள். நீக்கத்துக்குக் காரணம் எழுதித் தருவதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கிவிட்டது. இந்தியாவின் 2021 விதிகளும், தாமாக ஒன்றை நீக்கும் பெரிய தளங்கள் முன்கூட்டியே காரணம் அறிவித்து மறுப்புக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கின்றன. ஆனால் 50 லட்சம் பயனருக்கு மேலுள்ள சமூக ஊடகங்களுக்குத்தான் அது பொருந்தும். எங்கள் கதைகளில் பெரும்பகுதி அதைவிடச் சிறிய இடங்களில் இருக்கிறது. சட்டம் எட்டாத அந்தச் சிறிய இடங்களில் நாங்களே அதை ஏற்று நடக்கிறோம்.

அட்மின்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பிரகடனம் முழுமையாகாது. அவர்களும் பெரும்பாலும் எங்களைப் போன்ற பெண்கள்தாம். எவரும் பார்க்க அஞ்சும் செய்திகளையெல்லாம் அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவர்கள் மனநலம் குலைந்து வழக்குப் போட்டதில், 2020-இல் முகநூல் 5.2 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. எங்கள் அட்மின்களுக்குச் சம்பளமும் இல்லை, வழக்குப் போட ஆளும் இல்லை. ஆகவே எந்தக் குழுவிலும் ஒரே அட்மின் எல்லாவற்றையும் சுமக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும். மோசமான புகார்களைப் பார்ப்பவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். முடிவுகள் குழுவின் பெயரில் வெளியாக வேண்டும், தனி அட்மினின் பெயரில் அல்ல. ஒரு முடிவு பிடிக்காததால் அட்மினின் வீட்டு எண்ணைத் தேடிப்பிடித்து அழைக்கிறவர், எவ்வளவு புகழ்பெற்ற எழுத்தாளராக இருந்தாலும், இந்த இயக்கத்தில் இருக்க முடியாது.

அந்த அட்மின்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் சொந்தக் கதையும் அதே குழுவில் ஓடுகிறது. உங்களோடு போட்டியிடும் எழுத்தாளரின் கதை மீது புகார் வரும்போது, அதை நீங்கள் தொடாதீர்கள். வேறொரு குழுவின் அட்மினிடம் கொடுங்கள். இப்படி மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை இயக்கம் செய்து தரும்.

எங்கள் முதல் வேலை, எல்லாக் குழுவும் பயன்படுத்தக்கூடிய பொதுவான எச்சரிக்கைக் குறிப்புப் பட்டியல் ஒன்றைத் தமிழில் உருவாக்குவது. ஆங்கிலப் பட்டியலை அப்படியே எடுக்க மாட்டோம். வரதட்சணைக் கொடுமை, ஆணவக் கொலை, கட்டாயத் திருமணம், போர் நினைவுகள் என்று எங்கள் வாசகர்களைக் கலங்கடிப்பவை எவை என்று வாசகர்களிடமே கேட்டு எழுதுவோம். ஈழத்து வாசகர்களைக் கேட்காமல் போர் பற்றிய குறிப்பை நாங்கள் எழுதப் போவதில்லை.

இதில் சேர விரும்புவோர் புனைபெயரிலேயே கையெழுத்திடலாம். உண்மைப் பெயர், ஊர், படம் எதையும் கேட்க மாட்டோம். பல பெண்கள் எழுத முடிவதே அந்தப் பெயரால்தான். அட்மின்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. தங்கள் குழுவில் இதுவரை காரணம் சொல்லாமல் நீக்கிய கதைகளின் ஆசிரியர்களுக்குக் காரணத்தை எழுதி அனுப்பிவிட்டு, பிரதி கைவசம் இருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்திட வேண்டும்.